தியாகராய நகரில் செய்த பொய்க்கப்பல்

யுத்த காலத்தில் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு, "தியாகராய நகரில் வெள்ளிக் காகிதம் வெட்டினேன்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். அது பொய் இல்லை. முழுப் பதிலும் இல்லை. இப்போது யுத்தம் முடிந்து, ராடார் என்ற சொல் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பகுதிவரை வந்துவிட்டது. இனிச் சொல்வதற்குத் தடையில்லை. நாங்கள் அங்கே கப்பல் செய்தோம். இல்லாத கப்பல்.

பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு தெருக்கோடியில் வாடகைக்கு எடுத்த வீடு அது. கூடத்தில் வெட்டும் யந்திரம், முன்னறையில் மடிப்பு மேஜைகள், பின்னறையில் கட்டும் இடமும் பெட்டிகளும். வாசலில் பலகை கிடையாது. பன்னிரண்டு பெண்கள் காலையில் வந்து சாயங்காலம் போவதையும், ஜன்னல் இடுக்கில் தெரியும் பளபளப்பையும் வைத்து, கல்யாணப் பந்தலுக்கு ஜோடனை செய்கிறார்கள் என்று தெரு தானே முடிவு செய்துகொண்டது. நாங்களும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நகைக்கடைக் குடும்பம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அந்த அம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பிடித்துக்கொள்வார்.

"ஏளா, தை மாசம் எம் மவளுக்குக் கல்யாணம். ரெண்டு தோரணம் வெட்டித் தந்தா கொறஞ்சா போயிருவ?"

"கைநிறைய ஆர்டர் இருக்கு அம்மா."

"அப்படி யாரு வீட்டுக் கல்யாணம், மாசக்கணக்கா வெட்டுதீய?"

"பெரிய எடம்" என்பேன். சிரிக்காமல் சொல்வதற்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது.

அந்தப் பெரிய இடம் வங்காள விரிகுடா. இருட்டிலும் மேகத்திலும் வரும் எதிரி விமானம் கப்பலைக் கண்ணால் தேடுவதில்லை. வானொலி அலையை வீசுகிறது. அலை கப்பலின் இரும்பில் மோதித் திரும்பினால், விமானத்திலிருக்கும் சின்னத் திரையில் பச்சைக் கோடு ஒன்று முள்போல எழும்பும். அந்த முள்ளைப் பார்த்துத்தான் குண்டை அவிழ்ப்பார்கள். மேற்கே நடந்த சண்டையில், அவிழ்த்த குண்டையே வானொலிக் கட்டளையால் ஓட்டிக்கொண்டுபோய்க் கப்பல்மேல் இறக்கும் வித்தையும் வந்துவிட்டது. அது இந்தப் பக்கமும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரும்புக் கவசத்தை எவ்வளவுதான் தடிப்பாக்குவது? அதைவிட, கப்பல் வேறொரு இடத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டால் குண்டு அங்கே போய் விழுந்துவிட்டுப் போகிறது.

அதற்கு வழி, மெல்லிய அலுமினியத் தாளை நாடாவாக வெட்டுவது. எதிரி வீசும் அலையின் நீளத்தில் சரிபாதி இருக்க வேண்டும் ஒவ்வொரு நாடாவும். அந்த நீளத்தில் இருந்தால் ஒரு நாடா தன் அளவுக்குப் பல மடங்காக அலையைத் திருப்பி அனுப்பும். நீளம் தவறினால் வெறும் குப்பை. ஆயிரக்கணக்கான நாடாக்களைக் கட்டுக் கட்டாகத் தகர டப்பாவில் அடைத்து, கப்பலின் தளத்திலிருந்து வானத்தில் சுட்டு வெடிக்கச் செய்தால், அவை விரிந்து, மிதந்து, மெதுவாக இறங்கும். இறங்கும்வரை எதிரியின் திரையில் அங்கே ஒரு கப்பல் இருக்கும். நிஜக் கப்பல் அதற்குள் திசை திரும்பி விலகிவிடும்.

பௌதிகத்தில் பட்டம் வாங்கி, வானொலிப் பொறியியலில் ஒரு குறுகிய கால வகுப்பும் முடித்திருந்த என்னை இந்தப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். எதையும் வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. போன முதல் நாளே சுவரில் நான்கு விதிகளை ஒட்டினேன். நீளம் அளவுகோலைவிட்டு மயிரிழையும் நகரக் கூடாது. நடு மடிப்பு நேராக ஓட வேண்டும். இல்லாவிட்டால் நாடா வானத்தில் சுருண்டுகொள்ளும். நாடாக் கட்டைச் சுற்றும் காகிதப் பட்டை, வெடித்ததும் கிழியும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். கடைசி விதியைச் சிவப்பு மையில் எழுதினேன்: வேலை நேரத்தில் ஈரம் கிட்டே வரக் கூடாது. தாளின் முதுகில் கோந்து போட்டு ஒட்டிய மெல்லிய காகிதம் இருந்தது. ஒரு சொட்டு நீர் பட்டால் கோந்து இளகும். காய்ந்தால் பக்கத்து நாடாவைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தலைகுளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு வருகிறவர்களுக்குக்கூட, முற்றத்தில் நின்று உலர்த்திய பிறகுதான் உள்ளே அனுமதி.

"இன்னா டீச்சரம்மா, வடாமா நாங்க? வெயில்ல போட்டு எடுக்கற!" என்பாள் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்துகொண்டிருந்த பெண். விதிகளை ஒட்டிய நாளிலிருந்து எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. மடிப்பு மேஜையில் அவளுக்கு நிகர் இல்லை. வாய்க்கும் இல்லை.

கட்டும் அறைக்குத் தலைவி ராயப்பேட்டைக்காரி. நாங்கள் எல்லோரும் ஆப்பா என்று கூப்பிடுவோம். உருதுவில் அக்கா என்று அர்த்தம். அவர் புகுந்த வீட்டில் சரிகை வேலை செய்கிறவர்கள். மெல்லிய பொருளைக் கசங்காமல் எடுக்கும் கை அவருக்கு இருந்தது. அந்தக் கையைத்தான் மற்றவர்களுக்கும் பழக்கினோம். ஆண்பிள்ளை என்று அந்த வீட்டில் ஒரே ஒருவர், வெட்டும் யந்திரத்தைப் பொருத்தித் தந்த மேஸ்திரி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். யந்திரத்தின் கத்தியைத் தினமும் அவர்தான் தீட்டுவார். தாள் வெட்டும் ஓசை ஒரு சுருதி மாறினாலும் எழுந்து வந்துவிடுவார்.

இந்த வேலைக்குப் போட்டியாகப் பம்பாயில் ஒரு தொழிற்சாலை இருந்தது. பெரிய யந்திரங்கள், ஆண் தொழிலாளிகள். கிழக்குக் கரைக் கப்பல்களுக்கு எங்கள் கட்டுகளை எடுப்பதா, பம்பாயிலிருந்தே ரயிலில் வரவழைப்பதா என்று கடற்படை யோசித்துக்கொண்டிருந்தது. நவராத்திரிக்கு முன் ஒரு கடற்படை அதிகாரி எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். தூத்துக்குடிக்காரர், வியாபாரக் கப்பலில் இருந்து கடற்படைக்குப் போனவர். மேஜை மேஜையாக நின்று பார்த்தார். ஒரு நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கையால செய்யுத வேலை. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குமான்னு மேல உள்ளவங்களுக்குச் சந்தேகம். பூசை முடிஞ்ச மறுநாள் அடையாத்துப் பக்கம் கடற்கரையில சுட்டுப் பாப்போம். திரையில நின்னுச்சுன்னா ஆர்டர் உங்களுக்கு. நிக்கலன்னா மாசக் கடைசியோட இந்த வீட்டைப் பூட்டிருவாங்க. ஒளிச்சுப் பேசுத பழக்கம் எனக்கு இல்ல."

அந்த வீட்டைப் பூட்டினால் எனக்கு ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும். ஆப்பாவுக்கும் மடிப்பு மேஜைப் பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் திரும்பிப் போக இருந்தது பழைய வாழ்க்கை ஒன்றுதான். வாசல்படி தாண்டி ஒரு வேலைக்கு வந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "இது சரியில்லை, திரும்ப வெட்டு" என்று சொல்லும் உரிமையைச் சம்பாதித்திருந்தார்கள். அதை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சோதனைக்கான பெட்டிகளை நாங்கள் செய்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலை நிமிர்கிறது. ஒவ்வொரு கட்டையும் நான் பிரித்துப் பார்த்தேன். அளவுகோலுக்கு வெளியே ஒரு நாடாகூட நிற்கவில்லை. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பெட்டிகளை மூடி, ஆணி அடித்து, மேலே என் கையெழுத்தைப் போட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அந்த வருஷக் கொலுவுக்கு அம்மா படிகளுக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தாள்.

"அந்த வெள்ளிக் காகிதத்துல ஒரு துண்டு கொண்டு வந்தா தெப்பக்குளத்துக்குத் தண்ணி மாதிரி விரிச்சிருப்பேன்" என்றாள். "ஆத்துக்கு ஒண்ணும் பிரயோஜனமில்லாத உத்தியோகம்."

"அது எண்ணி வர சாமான்மா."

"எல்லாம் எண்ணித்தான் வரது. எதுக்குன்னு மட்டும் சொல்லமாட்டே." பிறகு, நான் சோதனைக்குக் கடற்கரைக்குப் போக வேண்டியிருப்பதைச் சொன்னதும், "தனியாப் போகப்படாது. அந்த ராயப்பேட்டை மாமியையும் அழைச்சுண்டு போ" என்றாள். ஆப்பாவை அவள் பார்த்ததே இல்லை. நான் சொன்ன பேச்சிலிருந்தே நம்பிக்கை வைத்திருந்தாள்.

பூஜைக்கு மறுநாள், குறித்தபடி காலையில் நானும் ஆப்பாவும் மேஸ்திரியும் ஒரு லாரியில் பெட்டிகளோடு போனோம். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, மணலில் ராடார் வண்டி நின்றது. கரையில், டப்பாக்களை வானத்தில் சுட ஒரு சிறு மோர்ட்டார் பீரங்கி. கடலில் ஒரு மோட்டார் படகு. அதுதான் அன்றைக்குப் போர்க்கப்பல். அதிகாரி என்னை வண்டிக்குள் அழைத்தார். திரையின் பச்சைக் கோட்டில் படகின் முள் தெளிவாக நின்றது. பக்கத்தில் எங்கள் கப்பல் எழும்ப வேண்டும்.

முதல் டப்பா வெடித்தது. கோட்டில் ஒரு சிறு துடிப்பு, உடனே அடங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தாழ்வாக, மணலுக்கு மேலேயே வெடித்தது. திரையில் ஒன்றும் இல்லை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய் என்னைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தான். நான் வெளியே வந்தேன். எனக்குள் ஒரு வரிசை ஓட ஆரம்பித்தது. நீளம் தவறா? நானே அளந்தேன். மடிப்பா? பார்த்தேன். காகிதப் பட்டை கிழியவில்லையா? மருந்து குறைவா? காற்றா? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே, மூன்றாவது டப்பா வெடித்த இடத்துக்கு மணலில் நடந்தேன்.

கட்டுகள் மணலில் விழுந்து கிடந்தன. பட்டைகள் கிழிந்திருந்தன. ஆனாலும் நாடாக்கள் பிரியவில்லை. ஒரு நுனியில் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, துடைப்பம்போல இருந்தது ஒவ்வொரு கட்டும். அப்படி விழுந்தால் கல்போலக் கீழே வரும். ஒன்றை எடுத்தேன். ஒட்டிய நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு, அதன் நடுவில் சிவப்பு. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கடற்காற்றிலும் மணத்தது.

சந்தனம்.

திரும்பினேன். ஆப்பாவும் பார்த்துவிட்டார். லாரிப் பக்கத்தில் நின்ற மேஸ்திரியை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

"பூஜை போட்டியா?" என்றார் ஆப்பா.

"போடாம? ஆயுத பூஜைக்குக் கத்திக்கு, மெசினுக்கு, அளவுகோலுக்கு எல்லாத்துக்கும் போட்டேன். பொட்டியை மட்டும் உட்டா நல்லாவா கீது?"

"பொட்டிமேல போடறது தானே! உள்ள எதுக்கு பூந்தே?"

"மூடி வெச்சா சாமி எப்டிக்கா பாக்கும்?" என்றார் மேஸ்திரி. "ஆணியை மெதுவா எடுத்து, டப்பாவைத் தொறந்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பொட்டு வெச்சு, திரும்ப அப்டியே அடிச்சுட்டேன். டீச்சரம்மா கையெழுத்துகூட கலையல." அதற்குள் என் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது. "இன்னா ஆச்சு?"

"சிவப்பு மையில எழுதியிருந்தேனே" என்றேன்.

"'வேலை நேரத்தில் ஈரம் கிட்டே வரக் கூடாது'ன்னு தானே எழுதிகீறீங்க. அன்னிக்கு வேலையே கெடையாதே டீச்சரம்மா. ஆயுதத்தைத் தொடக்கூடாத நாளு. வேலைக்குத் தானே ரூல்சு? பூஜைக்கு ஏது?"

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. தன் தர்க்கத்தில் அவர் ஓட்டை விடவில்லை. ஆயுத பூஜையன்று கருவியைத் தொட்டு வேலை செய்யக் கூடாது என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு, வேலை விதி அன்றைக்கு எங்கிருந்து வரும்? பூஜை செய்யத் தெரியாத ஊரில் இந்தத் தவறு நடந்திருக்காது. பம்பாயிலிருந்து வரும் பெட்டியில் சந்தனப் பொட்டு இருக்கவே இருக்காது.

அதிகாரி மணலில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஆப்பா என் கையைத் தொட்டார். "டப்பா நனைஞ்சிடுச்சுன்னு சொல்லு கண்ணு. சந்தனம்னா சிரிப்பாங்க. பொம்பளைங்க சமாசாரம்னு எழுதிடுவாங்க."

யோசித்தேன். டப்பா நனைந்தது என்றால், சென்னையில் மழைக்காலத்தில் எங்கள் கட்டு உதவாது என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் சிரிப்பார். சிரிப்பைத் தாங்கலாம். கட்டை அவரிடம் நீட்டினேன்.

"நாடாவுல தப்பு இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சிருக்கோம். அந்த ஈரத்துல கோந்து எளகி நுனி ஒட்டிண்டிருக்கு. ஒட்டின நுனியை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை அளந்து பாருங்கோ, எல்லாம் ஒரே அளவா வரும்."

அவர் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

"யாரு வச்சது?"

"எங்கள் பிரிவு" என்றேன்.

"நாந்தான் சார்" என்று மேஸ்திரி முன்னால் வந்து நின்றார். "இவங்க யாருக்கும் தெரியாது. என்னை வேணா தொரத்துங்க. இவங்க வேலையில ஒரு குத்தம் சொல்லாதீங்க."

அதிகாரி கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க வீட்டுலயும் அப்பா வள்ளத்துக்குக் குருசு மந்திரிச்சு ஏத்துவாரு" என்றார் கடைசியில். "கடலுக்குப் போற எதையும் சும்மா அனுப்ப மாட்டாக. சரி. நாளை மத்தியானம் என் கப்பல் கெளம்புது. காலையில ஒருக்கச் சுடலாம். அதுக்கு மேல என்னால முடியாது. புதுக் கட்டு இருக்கா?"

"இல்லை. இருக்கும்" என்றேன்.

பனகல் பூங்காப் பக்கம் நாங்கள் திரும்பியபோது பொழுது உச்சிக்கு வந்திருந்தது. நடந்ததைக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்கு இது கடற்படைக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும். எதற்கு என்று தெரியாது. சொல்ல எனக்கு அனுமதி இருந்ததா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆனால் எதற்கென்று தெரியாமல் ஒருத்தியை அப்படி ஒரு பிற்பகல் முழுக்க வேலை வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மடிப்பது கப்பலின் பொய் உருவம், அதைப் பார்த்துக் குண்டு ஏமாற வேண்டும், கப்பலில் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்று சொன்னேன்.

ஈக்காட்டுத்தாங்கல் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்டின்னா நாங்க வெட்டறது கப்பலா? நான் ஜரிகைத் தோரணம்னு எங்க மாமியார்கிட்ட சொல்லிக்கினு கீறேன்!"

"இன்னும் அப்படியே சொல்லு" என்றேன்.

"சொல்றேன். ஆனா சோறு போடறப்ப கொஞ்சம் மெரட்டிக்கினே போடுவேன்."

அந்தச் சிரிப்போடு உட்கார்ந்தார்கள். தாளின் புதுச் சுருளை யந்திரத்தில் ஏற்றினோம். வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்ததால் முற்றத்துக் கதவுகளை அடைத்து, மூலைகளில் கரி அடுப்பு வைத்து அறைகளை உலர்வாக வைத்தோம். வெக்கையில் வேர்த்தது, வேர்வையும் ஈரம்தான். ஆகவே ஒவ்வொருத்தியும் மடியில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, துடைத்துத் துடைத்து மடித்தாள். ஆப்பா ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கையில் ஏந்தி, லேசாக ஊதிப் பார்த்தார். ஊதினால் நாடாக்கள் தனித்தனியாக அசைய வேண்டும். அசையாததைப் பேச்சில்லாமல் திருப்பிப் போட்டார்.

மேஸ்திரி கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சுண்டல் கிண்ணத்தோடு வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"கையைத் தொடைச்சுக்கினு வாம்மா. ஈரக்கையோட உள்ள போவக் கூடாது."

"சுண்டல்தானே வே, என்னத்துக்கு இம்புட்டுக் கெடுபிடி?"

"கல்யாண சாமான்மா. மாப்ள வூட்டுக்காரங்க ரொம்ப கறாரு."

உள்ளேயிருந்து மடிப்பு மேஜைக் குரல் கேட்டது. "மேஸ்திரி மாமா! சாமி நல்லா பாத்துச்சா? இல்ல, இன்னொரு தபா தொறந்து காட்டட்டுமா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி திரும்பவில்லை. ஆனால் முதுகு சிரித்ததை நான் பார்த்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. கட்டுகளை டப்பாக்களில் இறக்கி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டோம். அதற்கு மேல் சொட்டு நீர் நுழைய வழியில்லை. கடைசிப் பெட்டியில் நான் ஆணி அடிக்கப் போனபோது, ஆப்பா சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "நீயே அடி" என்றார். "நீ அடிச்சா நீயே தொறக்க மாட்டே."

மறுநாள் காலை கடல்மேல் தூறல் இறங்கியிருந்தது. படகு கண்ணுக்கே தெரியவில்லை. அதுவே நல்லது என்று அதிகாரி சொன்னார். திரைக்கு முன் இருந்த சிப்பாயிடம் படகு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாமல், "கப்பலைக் கண்டுபிடி" என்றார். சிப்பாய் படகின் முள்ளைக் கண்டுபிடித்து விரலை வைத்தான்.

மோர்ட்டார் அதிர்ந்தது. பச்சைக் கோட்டில், படகுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு அரும்பு. அடங்கவில்லை. எழும்பியது. அகன்றது. படகின் முள்ளைவிடத் தடித்து, உயர்ந்து, நின்றது. இரண்டாவது டப்பா வெடித்ததும் அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

"இப்ப கப்பல் எது, லே?" என்றார் அதிகாரி.

சிப்பாய் விரலைத் தூக்கினான். திரைமேல் அங்குமிங்கும் கொண்டுபோனான். பிறகு எங்கள் நாடாக்களின்மேல் வைத்தான். "இதுதான் சார். பெரிய கப்பல்."

எனக்குப் பின்னால், வண்டியின் கதவருகில், புர்க்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆப்பா நின்றிருந்தார். அதிகாரி தானே நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். ஆப்பா குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது நம்ம கட்டுனதா?"

"ஆமாம் ஆப்பா."

"நெசக் கப்பல் எங்கே?"

காட்டினேன். ஒல்லியாக, ஓரமாக, யாரும் கவனிக்காத ஒரு முள். ஆப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "பம்பாய்க்காரங்களுது இவ்ளோ நேரம் நிக்குமா?"

"அதையும் சுட்டுப் பாத்திருக்கேன்" என்றார் அவர். "நிக்கும். ஆனா இம்புட்டு நேரம் நிக்கல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பட்டம் படித்தேன் என்று அந்த நிமிஷம் தோன்றியது. வெளியே வந்து பார்த்தால், மேஸ்திரி மழையில் நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேகத்துக்குக் கீழே நாடாக்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் இல்லாமலும் அங்கங்கே ஒன்று மின்னியது.

மிச்சப் பெட்டிகளை அன்று மத்தியானமே கப்பலுக்கு ஏற்றச் சொன்னார்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரியில் ஏற்றும்போது மேஸ்திரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். காலையில் வீட்டிலிருந்தே குழைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பொட்டிக்கு வெளிய மட்டும் டீச்சரம்மா. பலகைமேல. ஆணியைத் தொடமாட்டேன்."

"வெளிய மட்டும்" என்றேன்.

அதிகாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசிப் பெட்டிக்கும் பொட்டு வைத்து முடித்ததும் கேட்டார்: "உள்ள ஒண்ணும் இல்லையே?"

"உள்ளே நாடா மட்டும்தான்."

"அப்பச் சரி. இனிமே வர்ற எல்லாப் பெட்டிக்கும் வைங்க. இருட்டுல தளத்துல எடுக்கும்போது, எது மெட்ராஸ் பெட்டின்னு என் ஆட்களுக்குத் தெரியணும்."

வீட்டைப் பூட்டவில்லை. யுத்தம் முடியும்வரை அந்தத் தெருக்கோடியிலிருந்து பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. சுவரில் ஐந்தாவது விதி ஒன்றைச் சேர்த்தேன்: மேற்கண்ட விதிகள் விடுமுறை நாட்களுக்கும் பொருந்தும். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "இத மொதல்லயே எழுதியிருக்கலாமே" என்றார், நியாயமாகவே.

எங்கள் பெட்டிகள் கடலில் என்ன ஆயின என்று யாரும் எங்களுக்கு எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த கோடையில் ஒரு நாள், துறைமுகத்து லாரி ஒன்று வழக்கம்போலக் காலிப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கியது. மரம் கிடைப்பது அரிதாக இருந்த காலம். பெட்டிகளைத் திரும்பப் பயன்படுத்துவோம். பெரும்பாலும் சோதனைக்குச் சுட்டவை, பயிற்சிக்குச் சுட்டவை. அன்று வந்தவற்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் கரிந்திருந்தது. மூடி ஆணியோடு பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தது. நிதானமாகத் திறக்க நேரமில்லாதவர்கள் திறந்த விதம். உப்புப் பூத்த பலகையில், கறுத்துப்போய், சந்தனப் பொட்டு இருந்தது. சந்தனம் உதிர்ந்து, மரத்தில் அதன் வட்டம் மட்டும்.

பக்கத்தில் என் கையெழுத்தும் தேதியும். அந்தத் தூறல் நாளில் ஏற்றிய பெட்டிகளில் ஒன்று.

எல்லோரும் மேஜையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். கப்பல் மூழ்கிப் போயிருந்தால் அதன் பெட்டி திரும்பி வராது என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேஸ்திரி குனிந்து அந்த வட்டத்தைப் பெருவிரலால் தொட்டார்.

ஆப்பா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, முற்றத்து வெளிச்சத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

ஒரு நாடாகூட விழவில்லை. எல்லாம் வானத்துக்குப் போயிருந்தன.